கதவைச் சாத்தாதீர்கள்

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவின் ‘வந்து பார்’ (1985) என்ற போர்ப்படத்தைத் திரையிட்டோம். பாதிப் படத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் எழுந்து போய்விட்டார்கள். ஊர்மக்களை அடைத்து எரிக்கும் காட்சியில் ஒருவர் சிரித்தார். படம் முடிந்து நடந்த கலந்துரையாடலில் நானும் இன்னும் இருவரும்தான் பேசினோம், அதுவும் ஸ்டெடிகாம் (நடந்தபடியே ஆடாமல் படம் பிடிக்க உதவும் கேமரா தாங்கி) ஒளிப்பதிவைப் பற்றி. மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. இனிமேல் படம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். நம் பார்வையாளர்களுக்குப் பக்குவம் வரவே வராதா?
– சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பெலாரூஸ் ஊர்மக்களை ஒரு மரக் கட்டடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற படம் அது. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு காட்டப் போகிறீர்களா? தீர்மானத்தை எழுதும்போது இது உறைக்கவில்லை என்றால், கடைசிவரை உட்கார்ந்திருந்த நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

எழுந்து போனவர்களுக்குப் பக்குவம் போதாது என்பது உங்கள் கட்சி. படத்தை எடுத்தவர்களே அப்படி நினைக்கவில்லை. ‘இவ்வளவு கொடூரமாக இருக்கிறதே, யாரால் பார்க்க முடியும்?’ என்று கிளிமோவ் தயங்கியிருக்கிறார். உடன் திரைக்கதை எழுதிய அலெஸ் அதமோவிச், பார்க்காவிட்டால் போகட்டும், நமக்குப் பிறகு இது சாட்சியமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னாராம். இதைச் சொன்னவர் கிளிமோவ்தான். அதமோவிச் பதின்வயதிலேயே பெலாரூஸ் காடுகளில் ஜெர்மன் படைக்கு எதிரான கெரில்லாக் குழுவில் இருந்தவர். போருக்குப் பிறகு, எரிக்கப்பட்ட கிராமங்களிலிருந்து தப்பியவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய், அவர்கள் சொன்னதை ஒலிநாடாவில் பதிந்து, இன்னும் இரண்டு எழுத்தாளர்களோடு சேர்ந்து புத்தகமாக்கினார். கிளிமோவ் ஸ்டாலின்கிராடில் பிறந்தவர். 1942இல் நகரம் எரிந்துகொண்டிருந்தபோது, தாயோடும் கைக்குழந்தையாக இருந்த தம்பியோடும் வோல்கா நதியைத் தாண்டித் தப்பிய சிறுவன் அவர். இந்த இருவரும் பார்வையாளருக்குக் கொடுத்த சலுகையைச் சங்கத்துச் செயலாளர் பறிப்பது கொஞ்சம் அதிகப்படி.

எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் போனார்கள் என்று கவனித்தீர்களா? குண்டுவீச்சில் படத்தின் நாயகனான பையனுக்குக் காது அடைத்துப்போக, அந்த ரீங்காரம் நம் காதுக்குள்ளும் விடாமல் கேட்கிறதே, அங்கேயா? அல்லது அவன் வீடு திரும்பும் இடத்திலா? வீட்டில் ஆளில்லை, சூப் மட்டும் இன்னும் ஆறாமல் இருக்கிறது, ஈ மொய்க்கிற சத்தம். எல்லோரும் எங்கோ ஒளிந்திருப்பார்கள் என்று அவன் ஓடுகிறான். பின்னால் ஓடும் பெண் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். சுவரோரம் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. பையன் பார்க்கவில்லை, அவள் பார்த்துவிட்டாள், நாமும் பார்த்துவிட்டோம். மொத்தம் சில நொடிதான். அந்த இடத்தில் எழுந்து போகிறவரிடம் படம் வந்து சேரவில்லை என்று யார் சொன்னது? உங்கள் உறுப்பினர்களில் போரை நேரில் கண்டு தப்பி வந்தவர் எவராவது இருக்கிறாரா என்றாவது உங்களுக்குத் தெரியுமா?

சிரித்தவருக்கு வருகிறேன். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு, ஆணைக்குக் கட்டுப்பட்டு விசையை அழுத்தினார்கள் 40 பேர். அவர்களில் 14 பேர் பதற்றத்தில் சிரித்தார்கள். நான் ரசித்துச் சிரிக்கவில்லை ஐயா என்று பிறகு விளக்கம் சொல்லவும் மெனக்கெட்டார்கள். உங்கள் அரங்கில் சிரித்தவர் கொழுப்பெடுத்துச் சிரித்தவராகவும் இருக்கலாம், அந்த இனத்துக்கு எங்கும் பஞ்சமில்லை. ஆனால் இருட்டில் கேட்ட ஒரு சத்தத்தை வைத்து ஆளுக்குத் தீர்ப்பெழுதாதீர்கள்.

எனக்கு உறுத்துவது உங்கள் கலந்துரையாடல்தான். அலெக்சேய் ரோதியோனவின் ஒளிப்பதிவு மணிக்கணக்கில் பேசத் தக்கது, மறுக்கவில்லை. ஆனால் விளக்குப் போட்ட கையோடு பேச உங்கள் மூவருக்கும் அகப்பட்டது அது ஒன்றுதான் என்றால், வாய் திறக்காதவர்கள் உங்களைவிட ஒழுங்காகப் படம் பார்த்திருக்கிறார்கள். போரைப் பற்றிய எந்தப் படமும் கடைசியில் போருக்குச் சாதகமாகவே போய்விடுகிறது என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1973இல் சொன்னார். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் இசை முழங்க ஹெலிகாப்டர்கள் ஒரு கிராமத்தின்மேல் பாயும் காட்சிக்கு விசில் பறக்கும். ஒருவர்கூட எழுந்து போகமாட்டார், உங்களுக்கும் எனக்குக் கடிதம் எழுதத் தோன்றாது.

‘வந்து பார்’ அந்த வகையில் சேராது. கடைசிக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் கிடக்கும் ஹிட்லர் படத்தைப் பையன் சுடுகிறான். சுடச் சுடச் செய்திப்படங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. இடிந்த கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன, படைகள் வந்த வழியே திரும்புகின்றன, முடிவில் தாய் மடியில் குழந்தையாக ஹிட்லர். அவனால் அதைச் சுட முடியவில்லை. பெலாரூஸில் 628 கிராமங்கள் குடிமக்களோடு அழிக்கப்பட்டன என்று பிறகு எழுத்தில் வருகிறது. இவ்வளவையும் கண்ணால் கண்ட பையன் ஏன் கையைத் தாழ்த்தினான்? அவன் செய்தது சரியா? நீங்கள் மூவர் பேசிய கூட்டத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை போலிருக்கிறது.

அடுத்த முறை இப்படிப்பட்ட படம் என்றால், அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்: 142 நிமிடம் ஓடும், குழந்தைகள் உட்பட ஓர் ஊரே எரிக்கப்படும் நீண்ட காட்சி உண்டு, நடுவில் போவதில் தவறில்லை. கதவோரம் இரண்டு வரிசையைக் காலியாக விடுங்கள். படத்தின் முடிவில் வரும் மோட்ஸார்ட்டின் இசை ஓடி முடிகிறவரை விளக்கைப் போடாதீர்கள். கலந்துரையாடலை ஒரு வாரம் தள்ளி வைத்து, எழுந்து போனவர்களையும் அழையுங்கள். எந்தக் காட்சியில் போனீர்கள் என்று கேளுங்கள், சொல்வார்கள். ஏன் போனீர்கள் என்று ஆரம்பித்தால் விசாரணை ஆகிவிடும். அன்றைக்கும் நீங்கள் மூவரே பேசிக்கொண்டிருப்பீர்கள்.