1965ஆம் ஆண்டு ஃபெண்டர் மஸ்டாங் மின்கிட்டாரை மகளுக்காக வாங்கலாமா? வாங்கினால் புதுப்பிக்க வேண்டுமா?

வாங்குங்கள். புதுப்பிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே சொல்கிறேன். கலிபோர்னியாவில் பக்கத்து வீட்டுப் பெரியவர், தம் தங்கை பள்ளி நாட்களில் வாசித்த நீல நிற மஸ்டாங்கைப் பெட்டியோடு தர முன்வந்திருக்கிறார். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ‘மாணவர் கிட்டார்தானே, பெயின்ட் அடித்து, பிக்கப்பையும் மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்.) சில ஆண்டுகளில் சென்னைக்குத் திரும்பும் எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது. என்னிடம் இருப்பதும் நீல நிற மஸ்டாங்தான், 1966இல் செய்தது. இந்த வகைக் கிட்டார்கள் மேல் எனக்குத் தீராத பற்று உண்டு.

முதலில் அந்த ‘மாணவர் கிட்டார்தானே’ என்ற பேச்சு. லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1956இல் மியூசிக்மாஸ்டர், டியோ-சானிக் என்ற இரண்டையும், 1964இல் மஸ்டாங்கையும் கற்றுக்கொள்பவர்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்தது. மூன்றும் ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலையில், அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் செய்த அதே இயந்திரங்களில், அதே தொழிலாளர்களின் கையில் உருவானவை. வேறுபாடு முக்கியமாக அளவில். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம். மஸ்டாங்கில் 24. இன்னும் சிறிய கைகளுக்காக 22.5 அங்குலத்திலும் செய்தார்கள். நீளம் குறைந்தால் ஒரே சுருதிக்குக் கம்பியின் இழுவிசை குறையும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளுக்கு இடையிலான தூரமும் குறையும். பன்னிரண்டு வயது விரல்கள் வலியில்லாமல் எட்டும். உங்கள் மகளின் கைக்கு இதைவிடப் பொருத்தமாக இன்று கடையில் புதிதாக ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

மலிவான கிட்டார் என்பதாலேயே இவற்றுக்கு நேர்ந்த கதி கொடுமையானது. வாங்கிய பிள்ளைகள் சுரண்டினார்கள், ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார்கள், பெரிய பிக்கப் வைக்க உளியால் மரத்தைக் குடைந்தார்கள். பின்னாளில் வியாபாரிகள் உதிரிபாகங்களுக்காகப் பிரித்து விற்றார்கள். ஆகவே கைபடாமல் தப்பிய ஒன்று கிடைப்பது, அதே காலத்து விலையுயர்ந்த கிட்டார் நல்ல நிலையில் கிடைப்பதைவிட எனக்குப் பெரிய செய்தி. விலையுயர்ந்ததை எல்லாரும் பத்திரப்படுத்துவார்கள். இதை யார் பத்திரப்படுத்தினார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டதால்தான் அது தப்பியிருக்கிறது. என் கிட்டாரின் ஃபிரெட்டுகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பி அழுந்திய மெல்லிய பள்ளங்கள் இருக்கின்றன. ஐந்தாவதற்கு மேல் உலோகம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி வழவழப்பாக இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை ஜி, சி, டி கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை)க் கற்றுக்கொண்டு, அதோடு பெட்டியை மூடியிருக்கிறது. பெரியவரின் கிட்டாரிலும் இப்படித் தேய்மானம் முதல் சில ஃபிரெட்டுகளில் மட்டும் இருந்தால், அது உண்மையாகவே ஒரு மாணவியின் கையில் இருந்து உறங்கப் போனது என்று நம்பலாம்.

பார்க்கப் போகும்போது ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவரும், கிட்டார் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரும் உடன் இருந்தால் நல்லது. பெரியவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பின்புறத் தகட்டின் நான்கு திருகுகளைக் கழற்றினால் கழுத்து தனியாக வரும். அதன் அடிப்பகுதியில் மை முத்திரை இருக்கும். ‘16’ என்ற எண், பிறகு மாதம், ஆண்டு, கடைசியில் ஓர் எழுத்து. பலர் இந்த 16ஐத் தேதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மஸ்டாங்குக்குரிய குறியீடு. கடைசி எழுத்து கழுத்தின் அகலத்தைக் குறிக்கும், பெரும்பாலும் பி. தகட்டில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை நம்பி ஆண்டைத் தீர்மானிக்க வேண்டாம். தொட்டியில் கிடந்த தகடுகளைக் கைக்கு வந்தபடி எடுத்துப் பொருத்தியதால் அது தோராயமாகவே வழிகாட்டும்.

கிட்டாரின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டையும், அதை ஒட்டிய உலோகத் தகட்டையும் தூக்கினால் வால்யூம், டோன் குமிழ்களின் கீழே உள்ள பாகங்களில் எண்கள் தெரியும். 304 என்று தொடங்கினால் அதைச் செய்த நிறுவனம் ஸ்டாக்போல், 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். தொடர்ந்து வருவதில் ஆண்டும் வாரமும் இருக்கும். அங்கே ஈயப் பற்றுகளையும் பாருங்கள். பழையவை மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒன்று மட்டும் பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அங்கே இன்னொன்றையும் பார்ப்பீர்கள். என் கிட்டார் வெளியே பார்க்கக் கிட்டத்தட்டப் பச்சை. பிக்கார்டு மூடியிருந்த இடத்தில் மட்டும் தெளிவான வெளிர் நீலம். நிறம் மாறவில்லை, மேலே பூசிய வார்னிஷ் ஆண்டுகளில் மஞ்சளாகி நீலத்தைப் பச்சையாகக் காட்டுகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘சாயம் போய்விட்டது, பெயின்ட் அடிக்கலாம்’ என்று பலரும் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மறுபடி பெயின்ட் அடித்த பழைய கிட்டாரின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது வியாபாரிகளிடையே புழங்கும் கணக்கு. பணத்தை விடுங்கள், அந்த மஞ்சளை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பிக்கப்பை மாற்றச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. மஸ்டாங்கின் ஒலி வலுவானதில்லை, ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு நகரும் ஸ்விட்ச், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள், நடுவில் வைத்தால் நின்றுவிடும். இரண்டையும் ஒரே பக்கம் தள்ளினால் இரு பிக்கப்பின் ஒலியும் சேர்ந்து வரும். எதிரெதிராகத் தள்ளினால் ஒன்றை ஒன்று ஓரளவு அழித்து, மெலிந்த மூக்கொலி போன்ற ஒன்று மிஞ்சும். சுத்தமான ஒலியில் சொற்ப ஸ்வரங்களை வாசிக்க அது அபாரமாக இருக்கும். உங்கள் மகள் அதைத் தானே கண்டுபிடிக்கட்டும்.

நிர்வாணா ராக் குழுவின் கர்ட் கோபேன் தமக்கு மிகப் பிடித்த கிட்டார் என்று சொன்னது மஸ்டாங்கைத்தான். 1991இல் அக்குழுவின் காணொளி ஒன்றில் அவர் வாசித்த 1969ஆம் ஆண்டு நீல மஸ்டாங், 2022இல் ஏலத்தில் 45 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது கோபேனின் விலை, மஸ்டாங்கின் விலை ஆகாது. ஆனாலும் அவருக்குப் பிறகு இந்தக் கிட்டார்களைக் குப்பை என்று ஒதுக்கும் பழக்கம் குறைந்தது.

குறைகளும் உண்டு. கம்பிகளைத் தாங்கும் பாலம் இரண்டு முனைகளில் நின்று முன்னும் பின்னும் ஆடும் அமைப்பு. மெல்லிய கம்பிகளைப் போட்டு சுருதியை அசைக்கும் விப்ராட்டோ கைப்பிடியை அழுத்தினால் சுருதி நிற்காது. 11இல் (மிக மெல்லிய கம்பி 0.011 அங்குலத் தடிமன்) தொடங்கும் கம்பித் தொகுதியைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீளம் குறைவாக இருப்பதால் அந்தத் தடிமனும் குழந்தையின் விரலுக்குப் பாரமாக இருக்காது. கழுத்தின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கழுத்தைக் கழற்றியாக வேண்டும். தெரிந்த கைவினைஞரிடம் விட்டுவிடுங்கள்.

எதையும் மாற்றாதீர்கள் என்ற பேச்சுக்கு ஒரே விலக்கு. கிட்டாரோடு அதே காலத்து ஆம்ப்ளிஃபயரும் வந்து, அதில் இரண்டு முள் பிளக் இருந்தால், மூன்று முள் கொண்ட புதிய வயரை மாற்றி, உள்ளே பழைய கெப்பாசிட்டர்களையும் சோதித்த பிறகே மகளை அதன் பக்கம் விட வேண்டும். கம்பியைத் தொட்டிருக்கும் கையில் மின்சாரம் பாயக்கூடும். இதில் பழமைக்கு மரியாதை பார்க்கக் கூடாது.

சென்னைக்கு எடுத்துச் செல்வதைப் பற்றி. 1965ஆம் ஆண்டு மஸ்டாங்கின் விரல் பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட அனுமதிச் சான்று வேண்டும். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையிடம் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். 1960களின் பிற்பகுதியில் ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான் அது. அதில் செய்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்துவிட்டது, பிரேசில் மரத்துக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எந்த மரம் என்று தெரிந்தவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். விப்ராட்டோ கைப்பிடி, தோள்வார், விலைச் சீட்டு, பாட்டுப் புத்தகம் எது இருந்தாலும். கைப்பிடியைப் பிடிக்கும் சின்னத் திருகு தளர்ந்து விழுந்திருக்கலாம், பெட்டியின் மூலைகளைத் துழாவிப் பாருங்கள். பெரியவரின் தங்கை இருக்கிறார் என்றால் கிட்டார் எந்தக் கடையில், எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சைட்டிஸ் விண்ணப்பத்தோடு வைக்க அதுவும் உதவும்.