பெடல் லூஸ் என்றால் பிளேட் போச்சா?

கேள்வி: 2014 மாடல் ஆல்டோ 800 வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகக் கிளட்சைச் சவுட்டினால் பாதி தூரம் வரைக்கும் கனமே இல்லை. முதல் கியரும் ரிவர்ஸும் உரசிக்கொண்டுதான் விழுகின்றன. வொர்க்ஷாப்பில் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது கேபிள் கிளட்ச், அதாவது பெடலைச் சவுட்டினால் ஒரு கம்பிக் கேபிள் இழுத்துக் கிளட்சை விடுவிக்கும். இதில் பிளேட் (எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு) தேயத் தேய பெடலின் பிளே (கனம் தட்டும் முன் சும்மா இறங்கும் தூரம்) குறையுமே தவிர, அதிகமாகாது. பிளேட் மெலிந்தால், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள், சவுட்டும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே தள்ளி வரும். நடுவில் இருந்த இடைவெளி அடைபடும். பிளேட் போனதற்கு அடையாளம் வேறு: பேச்சிப்பாறை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் பிளேட்டைச் சந்தேகிக்கலாம். நீங்கள் சொல்வது நேர்மாறானது. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அதனால்தான் கியர் உரசுகிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்கேலைத் தரையில் ஊன்றி, பெடலைக் கையால் அழுத்துங்கள். கனம் தட்டும் வரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து வண்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான கேபிள் வண்டிகளில் 10 முதல் 25 மி.மீ.க்குள் இருக்கும். கூடுதலாக இருந்தால், கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள அட்ஜஸ்டிங் நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி மறுபடி அளக்க வேண்டும். பிளேயே இல்லாமல் முறுக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டிருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கிக் கருகும்.

சரிசெய்த ஒரு வாரத்திலேயே மறுபடி லூஸானால், கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம். டார்ச் அடித்துப் பெடல் கொக்கியில் மாட்டும் முனையைப் பாருங்கள். இழை பிரிந்திருந்தால் அன்றே புதுக் கேபிள் போடுங்கள். நட்டுக்கு மரை மிச்சமில்லை என்றாலும் அப்படித்தான். கேபிள் நன்றாக இருந்தால், ஒருவரைப் பெடலைச் சவுட்டச் சொல்லி, கேபிள் நுழையும் எஞ்சின் தடுப்புத் தகட்டைக் கவனியுங்கள். அது விரிசல் கண்டு உள்வாங்கினால் கேபிளின் இழுப்பு அதிலேயே கரைந்துவிடும். பெடல் பக்கவாட்டில் ஆடினால் அதைத் தாங்கும் புஷ் (வளையம்) தேய்ந்திருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தும் கியர் உரசினால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: என் டீசல் காரில் ஹைட்ராலிக் கிளட்ச். காலையில் முதல் தடவை சவுட்டினால் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் சரியாகிவிடுகிறது. ஆயில் குறையும்போது ஊற்றி ஓட்டலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: கூடாது. இது கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் மூடிய அமைப்பு. ஒழுக்கு இல்லாமல் மளமளவென்று குறையாது. பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான் என்பதால் இதில் அசட்டை வேண்டாம்.

முதலில் கிளட்ச் பெடலுக்குக் கீழே மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால், பெடல் பக்கம் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. அடுத்து, அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும், கியர்பாக்ஸில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் அதன் சீல் போய்விட்டது. சில வண்டிகளில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸின் முன்னால் கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் சொட்டினால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். அந்தக் கூலி கொடுக்கும்போது கிளட்ச் செட்டின் தேய்மானத்தையும் பார்த்துவிடுவது லாபம்.

ஒழுக்கே கண்ணில் படவில்லையா? ஆளில்லாத சமதளத்தில், எஞ்சின் ஓட, பெடலை முழுக்கச் சவுட்டி முதல் கியர் போட்டு, ஒரு கால் பிரேக் மேல் தயாராக இருக்க அரை நிமிடம் பிடித்திருங்கள். வண்டி மெல்ல நகரத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நகராமல் பெடல் மட்டும் பஞ்சு போல இருந்தால் காற்று புகுந்திருக்கிறது.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் பக்கம் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் சவுட்டிப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். அது தானாக எழும்பாவிட்டால் கையால் தூக்குங்கள். குமிழி நிற்கும் வரை தொடருங்கள், டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் காற்று படும் ஊரில் நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவையுங்கள், இல்லாவிட்டால் முறிந்து முழு சிலிண்டருக்கும் செலவு வைக்கும்.

டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ரகப் பிரேக் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ பட்டால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும், பிரேக் சீலும் சேர்த்து. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: கேபிள் அறுந்து மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நின்றுவிட்டால்?
- வாசகர், தக்கலை

பதில்: நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, நியூட்ரலில் ஓரம் தள்ளுங்கள். தள்ள ஆளில்லை என்றால், முதல் கியரில் வைத்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரே வண்டியைச் சில அடி நகர்த்தும். எஞ்சின் பிடித்தால் முதல் கியரிலேயே ஓரத்துக்குப் போய், சாவியை அணைத்து பிரேக் பிடியுங்கள். கிளட்ச் சுவிட்ச் (பெடலைச் சவுட்டினால்தான் ஸ்டார்ட்டரை ஓட விடுவது) உள்ள வண்டியில் பெடலைச் சவுட்டிப் பிடிக்காமல் இந்த வித்தை பலிக்காது. இதை வைத்து வீடு வரை ஓட்ட நினைக்காதீர்கள். கட்டி இழுக்கும் வண்டிக்குக் கொடுக்கும் காசு, முன்னால் போகிறவரின் பம்பருக்குக் கொடுப்பதை விடக் குறைவு.