பிரபஞ்சத்தின் விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது?

பிரபஞ்சம் விரிகிறது என்றால் எதற்குள் விரிகிறது, அந்த விளிம்பைத் தாண்டினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பருத்தித்துறைக் கரையில் நின்று வடக்கே பாருங்கோ. ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் கடல் முடிந்து வானம் தொடங்குவதுபோல இருக்கும். தொழிலுக்குப் போகும் படகின் அடிப்பக்கம் முதலில் மறையும்; அதில் எழும்பி நிற்பவரின் தலை கடைசியாக மறையும். ஆனால் அவர் எந்த விளிம்பையும் கடக்கவில்லை. அவரைச் சுற்றி அவருக்கென்றொரு தொடுவானம். கோடியக்கரை அதற்கும் அப்பால் இருக்கத்தான் செய்கிறது.

பிரபஞ்சத்தின் 'விளிம்பும்' இப்படித்தான். அதன் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் எங்களிடம் வந்துசேர்ந்த ஒளியைத்தான் காண்கிறோம். ஒளி வரும்போதே வெளியும் விரிந்ததால், அந்த எல்லை இன்று ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அங்கே சுவர் ஒன்றும் இல்லை. அப்பாலும் இதே மாதிரி விண்மீன் திரள்கள் தொடரும் என்பதே வானியலாளர் பெரும்பாலானோரின் எதிர்பார்ப்பு.

'எதற்குள்' என்ற கேள்விதான் பலரையும் தடுமாற வைப்பது. திரள்களுக்கு இடையிலுள்ள தூரம் கூடுகிறது, அவ்வளவுதான். விரிவதற்கு வெளியே காலியிடம் தேவையில்லை. வேறு பிரபஞ்சங்கள் உண்டென்பது இன்னும் ஊகமே.

விரிவு வேகம் கூடுகிறது என்பது 1998இல் தெரியவந்தது. அதனால் மிகத் தொலைவுத் திரள்களிலிருந்து இன்று புறப்படும் ஒளி எங்களிடம் ஒருநாளும் வந்துசேராது. இதைச் சொல்லும்போது வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும்.