ரேடியேஷனோட கடைசி நாள் முடிஞ்ச பிறகுதான் தோல் ரொம்ப எரியும், இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோங்க

கேள்வி: எனக்கு 54 வயசு, சிங்கப்பூர் யீஷூன்ல இருக்கேன். வலது மார்புல சின்னதா கேன்சர் கட்டி, மார்பை எடுக்காம கட்டியை மட்டும் எடுத்தாங்க. இப்ப 15 தடவை ரேடியேஷன்ல 11 முடிஞ்சிருச்சு. மார்புக்குக் கீழ மடிப்புல கறுத்துப்போயி எரியுது, ஒரே அசதி. பக்கத்து புளோக்ல ஒருத்தவங்க, இது ரேடியேஷன் விஷம் உடம்புல ஏறுனதுதான்னு சொல்றாங்க. அவங்க மாமியாருக்கு 25 தடவை குடுத்தாங்களாம், எனக்கு 15தான்னா காசை மிச்சம் பண்றாங்களாம். 380 வெள்ளிக்கு ஒரு க்ரீமும் காளான் பவுடரும் தர்றேன், ஆனா ரேடியேஷனை ரெண்டு வாரம் நிறுத்திட்டு சாப்பிடணும்ங்கிறாங்க. நிறுத்தலாமா? 2 வயசுப் பேரனைத் தூக்கலாமா?

பதில்: அக்கா, நிறுத்தாதீங்க. பேரனைத் தாராளமா தூக்குங்க. அந்த 380 வெள்ளியைக் குடுக்காதீங்க. இந்த மூணும் மனசுல பதிஞ்சிருச்சுன்னா மீதியை நிதானமா படிக்கலாம்.

நான் 17 வருஷமா ரேடியேஷன் தெரபிஸ்ட், அதாவது உங்களை மெஷின்ல படுக்க வச்சு கையை மேல தூக்கச் சொல்லி புள்ளிக்கு நேரா சரிபண்ணிட்டு வெளிய போயி பட்டனை அழுத்துறவங்க இருக்காங்கள்ல, அந்த வேலை. டாக்டரை நீங்க வாரத்துக்கு ஒருதடவை பார்ப்பீங்க, எங்களைத் தினமும் பார்ப்பீங்க, ஆனா எங்ககிட்ட யாரும் வாயைத் திறந்து எரியுதுன்னு சொல்றதில்ல. வெட்கம், இல்லாட்டி நிறுத்திடுவாங்களோங்கற பயம்.

விஷம் ஏறுற கதையை முதல்ல முடிச்சிடுவோம். உங்களுக்குக் குடுக்கறது வெளியிலருந்து வர்ற எக்ஸ்ரே மாதிரிதான், அதைவிட ரொம்ப பலமானது. மெஷின் நின்னதும் கதிரும் நின்னுரும், லைட்டை அணைச்சா ரூம்ல வெளிச்சம் தங்காதில்லையா அந்த மாதிரி. உங்க உடம்புல எதுவும் மிச்சம் இருக்காது, பேரன் மேல எதுவும் படாது, கர்ப்பமா இருக்கற பொண்ணு பக்கத்துல உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது. இந்தப் பயம் எங்கருந்து வருதுன்னா, தைராய்டு கேன்சருக்கு ரேடியோ ஐயோடின்னு ஒண்ணை முழுங்க வச்சு சில நாள் தனியா இருக்கச் சொல்வாங்க, அதைக் கேட்டவங்க எல்லா ரேடியேஷனும் அப்படித்தான்னு நெனச்சுக்கறாங்க. உங்களுக்கு அது இல்ல. பேரனை மட்டும் இடது இடுப்புல வச்சுக்கோங்க, ஏன்னா வலது பக்கம் வச்சா அவன் முழங்கால் சரியா அந்த மடிப்புல உரசும், அந்தத் தோல் இப்ப ரொம்ப மெலிசா இருக்கு.

15க்கும் 25க்கும் வருவோம். முன்னாடி 50 கிரேங்கற அளவை 25 தடவையா பிரிச்சு அஞ்சு வாரம் குடுத்தாங்க. இப்ப 40 கிரேவை 15 தடவையா மூணு வாரத்துல குடுக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் அளவு. இங்கிலாந்துல 2,215 பெண்களை வச்சு இந்த ரெண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, சுமார் பத்து வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2013ல முடிவு வெளியிட்டாங்க, கேன்சர் திரும்பி வர்றதுல 15 தடவை முறை எந்த வகையிலயும் மோசமில்ல, மார்பு சுருங்கறது தோல் பாதிப்பு மாதிரி தொந்தரவெல்லாம் கொஞ்சம் குறைச்சல்தான். 2020ல அதே நாட்டுல அஞ்சே தடவைல முடிக்கற முறைக்கும் நல்ல முடிவு வந்திருக்கு. காசை மிச்சம் பண்றாங்கன்னு சொல்றவங்களுக்கு இது தெரியாது, இல்ல தெரிஞ்சும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா உங்க மனசுல சந்தேகம் வந்தாத்தான் அந்த டப்பா விக்கும்.

இப்ப நிறுத்தற விஷயம். சின்னச் சின்ன அளவா தினமும் குடுக்கறது ஏன்னா, நடுவுல கிடைக்கற நேரத்துல நம்ம நல்ல செல் தன்னைச் சரிபண்ணிக்கும், கேன்சர் செல்லுக்கு அந்தத் திறமை கம்மி. நீங்களா ரெண்டு வாரம் விட்டா அந்தக் கெட்ட செல்லுக்கும் திரும்ப வளர நேரம் குடுத்த மாதிரி ஆயிரும், 11 தடவை பட்ட கஷ்டம் வீணாகும்.

இதைச் சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், போன வாரம் மெஷின் சர்வீஸ்னு ஒருநாள் வேணாம்னு சொன்னாங்களே, தீபாவளிக்கு லீவு விட்டாங்களே, அது மட்டும் பரவாயில்லையான்னு. பரவாயில்ல. இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதைக் காட்டித்தான் நிறைய பேர் தானா லீவு எடுத்துக்கறாங்க. சனி ஞாயிறு இல்லாம குடுக்கறதுதான் கணக்கே, அது பிளான்லயே இருக்கு. மெஷின் சர்வீஸ், பொது விடுமுறைன்னா ஒருநாள் தள்ளிப்போகும், அந்த ஒரு தடவையைக் கடைசில சேர்த்துருவாங்க, சில பேருக்கு அவசரம்னா ஒரே நாள்ல ரெண்டு தடவை குடுப்பாங்க, அப்ப நடுவுல குறைஞ்சது ஆறு மணி நேரம் இடைவெளி விடுவாங்க. தோல் ரொம்ப மோசமா பிஞ்சிருச்சு, காய்ச்சல் வந்திருச்சுன்னா டாக்டரே ஓரிரு நாள் நிறுத்தி வைப்பார். இதெல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் உங்க மொத்தக் கணக்கைப் பார்த்து ஈடு பண்ணிக்கிட்டு இருப்பாங்க. நீங்களா வராம இருந்தா அதை யாரும் ஈடு பண்ண முடியாது, ஏன்னா நாளைக்கு வருவீங்களா அடுத்த வாரமாங்கறதே எங்களுக்குத் தெரியாது. வரமுடியாத நாள் வந்தா போன் பண்ணி நேரத்தை மாத்துங்க, சாயங்காலத்துக்குக் கேளுங்க, அது முடியற காரியம்தான்.

சரி தோலுக்கு வருவோம், உங்க உண்மையான தொந்தரவு அதுதான்.

ஆஸ்பத்திரில குடுக்கற புத்தகத்துல தோல் ரோஸ் கலர்ல செவந்து இருக்கற படம்தான் இருக்கும். நம்ம தோல்ல அப்படிச் செவக்கறது வெளிய தெரியாது, நேரா கறுப்பு தட்டும், அப்புறம் வறண்டு உரியும், அதனால நம்ம ஆட்கள் "எனக்கு செவக்கவே இல்ல, இது வேற ஏதோ வியாதி"ன்னு பயந்து போறாங்க. எத்தனை வருஷமா சொல்றேன், இந்தப் படத்தை மாத்துங்கன்னு. ரெண்டாவது வாரத்துக்கு மேல கறுக்க ஆரம்பிக்கறது, அரிக்கறது, எரியறது எல்லாம் எதிர்பார்த்ததுதான். மார்புக்குக் கீழ மடிப்பும் அக்குளும் ஏன் முதல்ல போகுதுன்னா அங்க தோலும் தோலும் உரசுது, நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வை காயவே காயாது.

குளிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணி, வாசனை இல்லாத சோப்பு, கையால மெதுவா. நாரு, ஸ்க்ரப் எதுவும் கூடாது, மெஷினுக்காக நாங்க போட்ட பேனா மார்க் இருந்தா அதைத் தேய்க்காதீங்க. குளிச்சதும் துண்டால ஒத்தி எடுங்க. மடிப்பை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஃபேனுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நில்லுங்க, இல்லாட்டி ஹேர் டிரையரைக் குளிர்காத்துல வச்சு தூரத்துலருந்து காட்டுங்க. சூடான காத்து கூடவே கூடாது. வீட்டுல பழைய மெலிசு வேட்டி இருந்தா ஒரு சாண் அகலத்துக்குக் கிழிச்சு நல்லா துவைச்சு நாலா மடிச்சு அந்த மடிப்புக்குள்ள வச்சுக்கோங்க, நனைஞ்சா எடுத்துட்டு வேற வைங்க. இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு வயசான நோயாளி, நூறு பேருக்குமேல இதைச் சொல்லியிருக்கேன்.

கம்பி வச்ச பிரா வேணாம். ஜாக்கெட் வேணவே வேணாம், கோயிலுக்குப் போறதா இருந்தாலும் இந்த ஒரு மாசம் பெரிய சைஸ் பருத்திச் சட்டையோ தொளதொளன்னு சுடிதாரோ போட்டுக்கோங்க, ஜாக்கெட் கைப்பட்டி அக்குள்ல இறுக்கி ஒரே சாயங்காலத்துல தோலை எடுத்துரும், பார்த்திருக்கேன். பவுடர் போடாதீங்க, மடிப்புல வேர்வையோட சேர்ந்து கட்டியாகி மணல் மாதிரி உரசும். மஞ்சள், சந்தனம், நல்லெண்ணெய், கத்தாழை எதுவும் அங்க தடவாதீங்க. சமையல்ல மஞ்சள் போட்டுக்கலாம், காப்சூலா விக்கறதைச் சாப்பிடாதீங்க.

க்ரீம் வேணும்னா வாசனை இல்லாத சாதாரண மாய்ச்சரைசர் போதும், தோல் உடையாத இடத்துல மட்டும், மெலிசா தடவுங்க, மெஷினுக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தடியா அப்பிக்கிட்டு வராதீங்க. அரிப்பு தாங்கலைன்னா டாக்டர் லேசான ஸ்டீராய்டு க்ரீம் எழுதித் தருவார். தோல் பிஞ்சு ஈரமா இருந்தா ஒட்டாத டிரெஸ்ஸிங் இருக்கு, நர்ஸ்கிட்ட கேட்டா போட்டு விடுவாங்க. நீங்களா பிளாஸ்டர் ஒட்டிராதீங்க, எடுக்கும்போது தோலோட வரும்.

இப்ப தலைப்புல சொன்ன விஷயம், இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கடைசி தடவை முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சதுன்னு நெனைப்பீங்க. தோல் ரொம்ப மோசமாகறது அதுக்கப்புறம் ஒரு வாரம், ரெண்டு வாரம் கழிச்சுத்தான். அதுக்கப்புறம்தான் ஆற ஆரம்பிக்கும். ஆனா உங்க அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்ப? நாலு வாரம், ஆறு வாரம் கழிச்சு. அதாவது எந்த வாரம் உங்களுக்கு ஆள் வேணுமோ அந்த வாரம் யாரும் இல்ல. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, முடிஞ்சு பத்தாவது நாள் ஒரு அம்மா அப்பாயின்ட்மென்ட் இல்லாம வந்து கவுன்டர்ல நின்னாங்க, ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு திருப்பி அனுப்பப் பார்த்தாங்க. நான் தற்செயலா அந்தப் பக்கம் போயி தூக்கிப் பார்த்தா மடிப்பு பூரா மஞ்சள் காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்கு அடியில புண்ணு. அதைத் தண்ணி விட்டு ஊற வச்சு எடுக்க முக்கால் மணி நேரம் ஆச்சு, அவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு என் கையைப் பிடிச்சிட்டு இருந்தாங்க. இன்னும் எனக்குக் கோபம் அடங்கல. அதனால கடைசி நாளே கேளுங்க, "அடுத்த ரெண்டு வாரத்துல தோல் பிஞ்சா நான் யாருக்குப் போன் பண்ணணும், நம்பரை எழுதிக் குடுங்க"ன்னு. நம்பர் கையில வராம கிளம்பாதீங்க.

அசதிக்கு வருவோம். உடம்பு தினமும் உள்ள ரிப்பேர் வேலை பார்க்குது, கூடவே எம்ஆர்டி ரயில்ல போயிட்டு வர்ற அலைச்சல், அசதி வரத்தான் செய்யும், முடிஞ்சும் சில வாரம் இருக்கும். படுத்தே கிடந்தா கூடும். சாயங்காலம் வெயில் இறங்குனதும் புளோக்கைச் சுத்தி இருபது நிமிஷம் நடங்க. சமையலை மருமகளோ பணிப்பெண்ணோ பார்க்கட்டும், கொஞ்ச நாளைக்குச் சொல்லிச் செய்ய வைங்க.

இனி அந்த பவுடர்காரங்க. என்ன சொல்லி விக்கறாங்கன்னு எனக்குத் தெரியும், "இது சுகாதார அறிவியல் ஆணையம் ஒத்துக்கிட்டது"ன்னு ஒரு ஸ்டிக்கரைக் காட்டுவாங்க. அக்கா, சிங்கப்பூர்ல சத்து மாத்திரை, பவுடரெல்லாம் விக்க, மருந்துகளைக் கண்காணிக்கற அரசாங்க அமைப்பான அந்த ஆணையத்தோட முன் அனுமதியே தேவையில்ல, அதனால ஒத்துக்கிட்டதுங்கறதே பொய். கேன்சரைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதும் சட்டப்படி குத்தம். அந்த மாதிரி சாமான்கள்ல சொல்லாம ஸ்டீராய்டு கலந்திருக்கறதை ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சு எச்சரிக்கை விட்டிருக்கு. மருந்தையே நிறுத்திட்டு என் சாமானைச் சாப்பிடுன்னு ஒருத்தர் சொன்னா அந்த இடத்துலயே எழுந்து வந்துருங்க, அது சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.

இன்னொரு கூட்டம் இருக்கு, மெடிஃபண்ட் (வசதி இல்லாதவங்களுக்கு அரசாங்க உதவி நிதி) வாங்கித் தர்றேன், மெடிஷீல்டு (அரசாங்க மருத்துவக் காப்பீடு) க்ளைம் பண்ணித் தர்றேன்னு காசு கேக்கறவங்க. ரேடியேஷனுக்கு மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான உங்க சொந்தச் சேமிப்பு) ரெண்டும் உண்டு, ஆஸ்பத்திரியே பில்லுலயே கழிச்சுரும். பத்தலைன்னா ஆஸ்பத்திரில மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பார்க்கணும், மெடிஃபண்ட் மனு அவங்க மூலமாத்தான் போகும், அதுக்கு ஒரு காசு கூட கட்ட வேண்டியதில்ல. அந்த ஃபாரமெல்லாம் ஏன் இங்கிலீஷ்ல மட்டும் நீட்டறாங்கன்னு எனக்கும் ஆத்திரம்தான், மகனையோ மகளையோ கூட்டிட்டுப் போங்க.

கைக்கும் ஒண்ணு: அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருந்தா அந்தக் கையை யாரையும் பிடிச்சுவிடச் சொல்லாதீங்க, உருட் (மலாய் மசாஜ்), எண்ணெய் மசாஜ் எதுவும் வேணாம். கை வீங்குனா பிசியோகிட்ட போங்க.

38 டிகிரிக்கு மேல காய்ச்சல், சீழ், கெட்ட வாடை, தோல்ல சூடா பரவுற வீக்கம், இது வந்தா காத்திருக்காம அன்னைக்கே கூப்பிடுங்க, ராத்திரின்னா எமர்ஜென்சிக்குப் போங்க. முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள வறட்டு இருமல், மூச்சு வாங்கறது வந்தாலும் டாக்டர்கிட்ட "எனக்கு மார்புல ரேடியேஷன் குடுத்தாங்க"ன்னு மறக்காம சொல்லுங்க, நுரையீரல் கொஞ்சம் வீங்கியிருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு.

நாளைக்கு 12வது தடவை. மெஷின் மேல படுக்கறதுக்கு முன்னாடி அங்க நிக்கற தெரபிஸ்ட் பிள்ளைகிட்ட மார்பைத் தூக்கி அந்த மடிப்பைக் காட்டுங்க, "இங்க எரியுது, நர்ஸ் பார்க்கணும்"னு சொல்லுங்க. வெட்கப்படாதீங்க, அவங்க தினமும் பார்க்கற இடம் அது. பக்கத்து புளோக்ல ஏற்கனவே சாம்பிள் டப்பா ஏதாவது குடுத்திருந்தா அதையும் பையில போட்டு எடுத்துட்டுப் போயி காட்டுங்க.