நூறு கோடி ரூபாய் அட்டை

கேள்வி: பள்ளி நாட்களில் காசு சேர்த்து வாங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டுகளை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். வெளிநாட்டில் இந்த மாதிரி அட்டைகள் கோடிக்கணக்கில் விலை போகின்றன என்று படித்தால் வயிறு எரிகிறது. நம் ஊர் அட்டைக்கும் அந்த விலை வருமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: வராது. அம்மாவை விடுங்கள், அமெரிக்காவில் அச்சடித்த கம்பெனியே தூக்கிப் போட்டிருக்கிறது. டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் விற்காமல் தேங்கிப்போக, 1960-இல் அதன் அதிகாரி சை பெர்கர் அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். அதே வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்றுதான் 2022-இல் 1.26 கோடி டாலருக்கு, அதாவது சுமார் நூறு கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கசங்காமல் புதுசு போல இருக்கிறது என்று பத்துக்கு ஒன்பதரை மார்க்கும் போட்டிருந்தார்கள்.

இந்த மார்க் போடும் கூட்டத்தோடு எனக்கு என்றைக்கும் ஒத்துப்போகாது. மூலை மழுங்காத அட்டை என்றால் அதை எந்தப் பிள்ளையும் ஆசை தீர விளையாடவில்லை என்றுதானே அர்த்தம்? நம் அட்டைகளைப் பாருங்கள், ரப்பர் பேண்டு போட்டுப் போட்டு இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, வியர்வைக் கையில் மூலையெல்லாம் பஞ்சாகியிருக்கும். அட்டையில் உள்ள எண்களை ஒப்பிட்டு ஜெயிக்கும் அந்த விளையாட்டில், கையில் குண்டு வீரர் யோகோசுனாவின் அட்டை வந்துவிட்டால் ரேங்க், உயரம், பைசெப்ஸ் எதையும் பார்க்க வேண்டாம், வெயிட் என்று சொன்னால் போதும், எதிராளி வாயைத் திறக்காமல் அட்டையை நீட்டுவான். ஜப்பான் சுமோ வீரர் என்று நாமெல்லாம் நம்பிய அந்த மனிதர் சமோவா வம்சாவளி அமெரிக்கர், 2000-இல் முப்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தார். அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

சரி, சேர்ப்பதைப் பற்றிக் கேட்டதால் என் பழைய புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். அட்டைக்குக் காசு இல்லாத பிள்ளைகள் தெருவில் பொறுக்கிச் சேர்த்தது தீப்பெட்டிப் படம். சிவகாசியில் அச்சாகி வந்த புலி, மயில், தாமரை, சாவி, ரயில் என்று அத்தனையும் ஒரு விரல் அகலத்தில் வரைந்தவர்கள் யார்? படத்தில் கம்பெனி பெயர் இருக்கும், ஊர் இருக்கும், ஓவியரின் பெயர் மட்டும் இருக்காது. அவர்களுக்கு இந்தப் பத்திரிகையில் இடம் உண்டு. உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது தீப்பெட்டிப் படம் ஒட்டிய நோட்டு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வரைந்தவரைத் தெரிந்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், பெரிதாகவே போடுகிறேன்.