எத்தனை தரம்?

அன்பின் அண்ணா,

மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை எங்கள் இளைஞர் கூட்டத்தில் வாசித்தேன். "கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று, அது போதும், சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்று போதகர் நிறுத்திவிட்டார். கிங் கம்யூனிஸ்டாம். உண்மையா? எந்த வசனத்தைக் காட்டிப் பேசலாம்? சிங்களச் சபைகள் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் தங்கச்சி,

கிங் கம்யூனிஸ்ட் இல்லை, பாப்டிஸ்ட் போதகர். வசனம் வேண்டுமென்றால் ஆமோஸ் 5:24, நீதி வற்றாத நதியைப்போலப் புரண்டு வரட்டும் என்பது. அவரும் அந்தக் கடிதத்தில் அதைத்தான் காட்டுகிறார். வசனத்தைக் கேட்டு மனம் மாறிய போதகரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

1963 ஏப்ரலில் அலபாமாவின் எட்டு வெள்ளைச் சமயத் தலைவர்கள் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்கு நேரம் இதுவல்ல, பொறுங்கள் என்றார்கள். புனித வெள்ளியன்று கைதான கிங், பத்திரிகை ஓரங்களில் பதில் எழுதத் தொடங்கினார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பங்குச் சுவாமியின் ஞாபகம்தான் வரும்.

முதல் பாவசங்கீர்த்தனம். "பாவம் செய்தேன் சுவாமி" என்றேன். "என்ன பாவம்? எத்தனை தரம்?" "தம்பிக்கு அடித்தேன். அவன்தான் முதலில்..." "அவனுடைய பாவத்தை அவன் வந்து சொல்லுவான். நீ உன்னுடையதைச் சொல்லு."

83 ஜூலையில் சிங்களக் கும்பல்கள் தமிழர்களைத் தாக்கியபோது அதே சுவாமி அங்கியோடு கோயில் கேற்றில் நின்றார். உள்ளே பாய் விரித்து நாங்கள். வந்த கும்பல் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்த மனிதரைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் ஆகஸ்டில் பிரசங்க மேடையில் ஏறி அவர் சொன்னது, "அண்மையில் நடந்த துயரச் சம்பவங்கள்." யார் செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், ஒரு சொல் இல்லை. ரயில் தடம்புரண்டால் சம்பவம். வீடு பார்த்து, பெயர் பார்த்துக் கொளுத்தியதும் சம்பவமா? சின்னப் பையனிடம் எத்தனை தரம் என்று கேட்டவர்! வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றிருந்தார்களே, அங்கே எண்ணிக்கைகூட இருந்தது.

சொல்லவே முடியாத காலம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க சிங்களவர். நடந்ததற்குச் சிங்களவர்கள் வெட்கப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அதே வருடம் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அக்டோபரில் இறந்துபோனார்.

இனி உங்களைக் கொஞ்சம் ஏச வேண்டும். உங்கள் கடிதத்தில் அமெரிக்க வெள்ளையர் இருக்கிறார்கள், சிங்களவர் இருக்கிறார்கள், போதகர் இருக்கிறார். எல்லாம் தம்பியின் பாவம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். உங்கள் இளைஞர் கூட்டத்தில் யாராவது அதற்காக ஒரு ஜெபம் சொல்லியிருக்கிறீர்களா? சிங்களத்தில் இல்லை, தமிழில், அதைச் செய்தது யார் என்ற சொல்லோடு?

என் மாமா ஒருவர் அதைத் "துரதிர்ஷ்டவசமான சம்பவம்" என்பார். போன கிறிஸ்மஸிலும் சொன்னார். நான் வாயில் கேக்கோடு தலையாட்டினேன். எத்தனை தரம் என்று சுவாமி கேட்டிருந்தால், முப்பது கிறிஸ்மஸாவது இருக்கும்.