காக்காவிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டில் ஒரு வசந்த நாளில் பறவை பார்க்கப் போனதைப் பற்றி நீங்கள் எழுதியதை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "நமக்கு எப்ப டீச்சர் வசந்தம் வரும்?" என்றான் ஒருவன். "நம்ம ஊர்ல வெறும் காக்காதான் இருக்கு" என்றாள் இன்னொருத்தி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ரந்தாவ் பக்கம் எங்கு திரும்பினாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பால்மரம் என்கிற ரப்பர் இருந்த காலத்தில் அப்பா பார்த்த பறவைகளில் பாதியை நானே பார்த்ததில்லை. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஆசை. எங்கே போகலாம்? படத்தோடு ஒரு பெயர்ப் பட்டியல் அனுப்ப முடியுமா?

ஓர் ஆசிரியை, ரந்தாவ், மலேசியா

அன்புள்ள டீச்சர்,

பட்டியல் அனுப்பப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது கையில் இருந்தால் பிள்ளைகள் பெயருக்கு நேரே டிக் போடுவதில் குறியாக இருப்பார்கள். பறவை என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். வெறும் காக்கா என்றாளே, அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்தக் காக்கா இந்த நாட்டுப் பறவையே இல்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களில் புழு விழுந்தபோது, தின்று தீர்க்கட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. காக்கா எந்தப் பயிரையும் நம்பாமல் கடைத்தெருவுக்குக் குடிவந்துவிட்டது. (நம்மவர்கள் கப்பலேறி வந்த கதையோடு இதைச் சேர்த்து மேடையில் உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. காக்காவுக்குக் கங்காணி கிடையாது.)

அதன் பின்னாலேயே வந்தது குயில். முன்பெல்லாம் தீபகற்பத்தில் குயில் பெரும்பாலும் வலசை வந்து போகிற பறவை. காக்கா பெருகிய பிறகுதான் ஊருக்குள் தங்கிக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தது. தனக்கென்று கூடு கட்டாத பறவைக்குக் காக்காக் கூடு இல்லாமல் வம்சம் ஏது?

கடைவரிசைக்குப் பின்னால் காக்கா கூடு கட்டிய அங்சானா மரம் ஒன்றைத் தேடுங்கள். குச்சியோடு கம்பித் துண்டுகளும் செருகியிருக்கும், கீழிருந்தே தெரியும். பிள்ளைகளை எதிர்ச்சாரிக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் உட்காரவைத்து அந்த ஒரு மரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கூவுவது ஆண் குயில். கருப்பு உடம்பு, சிவந்த கண். நான் பார்த்த மரத்தில் அது கூட்டுக்குப் பக்கத்துக் கிளையிலேயே வந்து உட்கார்ந்து கத்தியது. இரண்டு காக்காவும் பாய்ந்து அதைத் தபால் நிலையம் வரை துரத்திப் போயின. அதற்குள் இலை மறைவிலிருந்து பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில் கூட்டு விளிம்புக்கு வந்தது, குனிந்தது, போய்விட்டது. காக்காக்கள் திரும்பி வந்து எதுவும் நடக்காததுபோல் அலகைத் துடைத்துக்கொண்டன. குயில் முட்டை காக்கா முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும். தீனியில் முதல் பங்கும் அதற்கே. சில வாரம் கழித்துப் போனால், புள்ளி போட்ட குஞ்சு சிறகை நடுக்கி வாயைப் பிளக்க, காக்கா அதன் தொண்டைக்குள் ஊட்டுவதைப் பார்க்கலாம். தொல்லை என்று ஊராட்சியினர் காக்காவைச் சுட்டுத் தள்ளுகிறார்களே, அப்போது குயிலுக்கு என்ன ஆகும் என்று வகுப்பில் கேளுங்கள். நல்ல சண்டை நடக்கும்.

வசந்தம் கேட்ட பையனைப் போர்ட்டிக்சன் தாண்டி தஞ்சோங் துவானுக்குக் கூட்டிப்போங்கள். மலாக்கா நீரிணை அங்கே குறுகி, சுமத்ரா பக்கத்து ரூபாட் தீவு ஏறக்குறைய 38 கிலோமீட்டரில் இருக்கிறது. தேன்பருந்துகள் அந்த வழியாகத்தான் வடக்கே திரும்புகின்றன. தரையில் வெயில் ஏறி எழும் வெப்பக்காற்றில் சிறகடிக்காமல் மிதந்தே தூரம் கடப்பவை அவை. கடல் மேல் அந்தக் காற்று எழாது, சிறகடித்தே ஆகவேண்டும். அதனால் கரை சேரும்போது களைத்துத் தாழ்வாக வரும், கலங்கரை விளக்கத்தடியில் நின்றால் மார்பின் கோடுகூடத் தெரியும். காட்டின் மேல் முதல் வெப்பக்காற்று கிடைத்ததும் சிறகை விரித்து வட்டமிட்டு ஏறிவிடும். அக்கரையில் வெயில் ஏறினால்தான் கிளம்பும் என்பதால் விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பாதீர்கள், பத்து பதினொரு மணிக்குப் போனால் போதும். மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் மார்ச்சில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது; அவர்களுடைய தொலைநோக்கியிலேயே எட்டிப் பார்க்கலாம். ஜப்பான்வரை போகிறவை அவற்றில் உண்டு. வசந்தம் நம் ஊருக்கு வராது தம்பி, அதற்குப் போகிறவர்கள் நம் தலைக்கு மேலேதான் போகிறார்கள் என்று சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் பஸ் பிடிக்க முடியாவிட்டால் செம்பனைக்குள்ளேயே போகலாம், தோட்ட ஆபீசில் முதலில் அனுமதி கேட்டுவிட்டு. குலையைக் கடிக்கும் எலியைக் கூகை பிடிக்கட்டும் என்று பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் அது குடியிருக்கப் பெட்டி வைத்திருக்கிறார்கள். எலிப்பாஷாணம் வைக்கும் தோட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். கூகை அலறினால் சாவு என்று வீட்டில் பாட்டிகள் சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதோடு வாதாட வேண்டாம். பெட்டிக்குக் கீழே அது கக்கிப்போட்ட கறுத்த உருண்டைகள் கிடக்கும். கையுறை போட்டு ஒன்றை உடைத்தால் எலிமயிருக்குள் முழு மண்டையோடும் மஞ்சள் பாய்ந்த முன்பல்லும் அப்படியே இருக்கும். முதல் உருண்டையை நீங்கள் உடையுங்கள். அடுத்ததற்கு அவர்கள் உங்களைக் கிட்டவே விடமாட்டார்கள்.